வீட்டுக் குப்பையை உரியவர் கையில் சேர்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருமுனையில் இருக்கும் பச்சைத் தொட்டிக்குள் ஒரு அம்மா தினமும் விடிகாலையில் கையை விடுகிறார். தொட்டியின் விளிம்பு வயிற்றில் அழுந்த, பாதி உடம்பு உள்ளே போயிருக்கும். அந்தக் கையில் ஊசிப்போன சாம்பார் ஒட்டுமா, உடைந்த பல்பு குத்துமா, சுத்தமான பால் கவர் கிடைக்குமா என்பதை முந்தைய இரவே நம் சமையலறையில் நாம் முடிவு செய்துவிடுகிறோம். எனக்கு இது உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

குப்பையைப் பிரிப்பது பற்றி நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் தொட்டியோடு நின்றுவிடும். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை, அவ்வளவுதான். மறுசுழற்சி என்று நாம் சொல்வது அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைப்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, எடைக்குப் போட்டு வரும் காசுதான் அன்றைய அரிசி. அதனால் இந்த வழிகாட்டியை அவருடைய கையிலிருந்து தொடங்கி நம் வீட்டை நோக்கிப் பின்னோக்கி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஊர் சென்னை. அதை வைத்தே சொல்கிறேன்.

நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் ஊர் இது. காலங்காலமாக அது போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் கிடக்கிறது. 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. நம் வீட்டில் கலந்து போன ஒவ்வொரு பையும் இந்த இரண்டு மேடுகளில் ஒன்றின் மேல் ஏறியிருக்கிறது. கலக்காமல் போனது மட்டும் கோணிச் சாக்கில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

தொட்டி வாங்கும் முன் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு வாரம், காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை உங்கள் தெருவைக் கவனியுங்கள். மூன்று வகையானவர்கள் வருவார்கள்.

முதலாமவர், பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர். மாநகராட்சியிலோ ஒப்பந்த நிறுவனத்திலோ வேலை செய்பவர். அவருக்குக் கூலி உண்டு, கூலி போதாது என்பதும் உண்மை. அதனால் பலர் வண்டியின் ஓரத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டு அட்டை, பாட்டில்களைத் தனியே சேர்த்துக் கொள்வார்கள்.

இரண்டாமவர், மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியிலோ சின்ன லோடு வண்டியிலோ 'பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு வருபவர். இவர் காசு கொடுத்து வாங்குவார். ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று ஒரு காலத்தில் தெருவில் கேட்ட குரலின் வாரிசு இவர்தான்.

மூன்றாமவரிடம் முதலீடு என்று ஒன்றும் இல்லை. தோளில் ஒரு சாக்கு, சிலரிடம் வளைத்த கம்பி ஒன்று. அவர் எதையும் வாங்க முடியாது; நாம் வீசியதிலிருந்து எடுப்பதுதான் வழி. பெண்கள் நிறைய, வயதானவர்களும் நிறைய. பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்தும் நரிக்குறவர் போன்ற சமூகங்களிலிருந்தும் வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பது தற்செயல் இல்லை.

நம்மில் பலர் செய்வது என்ன? நல்ல பேப்பர், நல்ல இரும்பு எல்லாம் இரண்டாமவருக்கு விலைக்கு. மிச்சமிருக்கும் குழம்பு படிந்த பை மூன்றாமவருக்கு. இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த மூன்றாமவருக்காக. செய்தித்தாளை விற்றுக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. பாட்டில், கவர், டப்பா, அட்டை ஆகியவற்றையாவது காசு பார்க்காமல் அவருக்கு விட்டுவிடலாம்.

அவர் சாக்கு எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பக்கத்துத் தெருக் காயலான் கடை. அங்கே கையால் பிரித்து எடை போடுவார்கள். அங்கிருந்து ஒரே வகைச் சரக்காகக் கட்டி மொத்த வியாபாரியின் குடோனுக்கு. பிறகு நொறுக்கி, கழுவி, உருக்கும் பட்டறைக்கு. பிரித்துப் பிரித்துப் போகப்போக விலை ஏறும். முதல் கையில் இருப்பவருக்குக் கிடைப்பதுதான் மிகக் குறைவு. ஆகவே அவர் கையிலேயே சரக்கு சுத்தமாகவும் பிரிந்தும் இருந்தால், அந்த ஏற்றத்தில் கொஞ்சமாவது அவருக்குச் சேரும். நாம் வீட்டில் செலவிடும் இரண்டு நிமிடத்துக்கு இப்படித்தான் காசு மதிப்பு வருகிறது.

வீட்டில் நான்கு இடம்

நான்குக்கு மேல் வேண்டாம். அதிகமானால் வீட்டில் யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள்.

ஒன்று, ஈரக் குப்பை: காய்கறித் தோல், மீந்த சோறு, மீன் செதில், டீத்தூள், வாடிய பூ. மூடியுள்ள வாளியில், பிளாஸ்டிக் பை போடாமல். மாடியிலோ பால்கனியிலோ துளையிட்ட மண்பானையில் ஒரு அடுக்கு ஈரக் குப்பை, அதன்மேல் ஒரு அடுக்கு காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள் என்று போட்டு, புளித்த மோர் கொஞ்சம் தெளித்துக் கிளறி வந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் உரமாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்; காய்ந்த இலையைக் கூட்டுங்கள். முடியாதவர்கள் வாளியை அப்படியே பேட்டரி வண்டியில் கவிழ்த்துவிடலாம். முக்கியம், இது மற்றதோடு சேரக் கூடாது. சாக்கு சுமப்பவரின் வேலையில் பாதி, நம் சோற்றிலிருந்து நம் பாட்டிலைப் பிரித்தெடுப்பதுதான்.

இரண்டு, உலர்ந்த குப்பை. மூன்று, நாப்கின், டயப்பர், கட்டுத்துணி. நான்கு, ஆபத்தானவை. இவற்றைத் தனித்தனியே பார்ப்போம்.

உலர்ந்த குப்பை: எதற்கு விலை, எதற்கு இல்லை

விதி ஒன்றுதான்: உலர்ந்திருக்க வேண்டும், உணவு ஒட்டியிருக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஒரு முறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். சோப்பு வேண்டாம், குழாயைத் திறந்துவிடவும் வேண்டாம்.

பால் கவரில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. கவரின் மூலையை வெட்டும்போது முழுதாகத் துண்டித்துவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க முடியாது, மண்ணிலும் சாக்கடையிலும்தான் போய்ச் சேரும். கவரை அலசி, சமையல் மேடை ஓரத்தில் காயவைத்து, பத்துப் பத்தாக ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். அரை லிட்டர் கவர் ஏறத்தாழ முந்நூறு சேர்ந்தால்தான் ஒரு கிலோ. தெருவில் ஒருவர் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து முந்நூறு சேர்ப்பதை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டில் சில மாதத்தில் தானாகச் சேர்ந்துவிடும். கழுவாத பால் கவர் இரண்டு நாளில் புழுத்து நாறும், கடைக்காரர் வாங்க மறுப்பார் அல்லது எடையில் கழிப்பார்.

தண்ணீர் பாட்டில், குளிர்பானப் பாட்டில்: உள்ளே சொட்டு இல்லாமல் கவிழ்த்து, மிதித்துத் தட்டையாக்கி மூடியைப் போடுங்கள். லிட்டர் பாட்டில் நாற்பது, ஐம்பது சேர்ந்தால் ஒரு கிலோ. ஆனால் அடைத்துக்கொள்ளும் இடம் பெரிது. தட்டையாக்கினால் ஒரே சாக்கில் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும். அவருக்கு ஒரு நடை மிச்சம். மூடியும் பாட்டிலும் வேறு வேறு பிளாஸ்டிக். நொறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் சில்லு அமிழும், மூடிச் சில்லு மிதக்கும். பட்டறையில் அப்படித்தான் பிரிக்கிறார்கள். அதனால் மூடியைத் தனியே எடுத்து நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

ஹோட்டல் பார்சல் டப்பா, ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், உடைந்த வாளி, குடம் எல்லாம் எடைக்குப் போகும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பிளாஸ்டிக்கின் வகையைக் கசக்கும் சத்தத்திலிருந்தும், வளைத்துப் பார்த்தும் சொல்லிவிடுவார்கள். அடியில் அச்சிட்டிருக்கும் முக்கோண எண்ணைத் தேடிக்கொண்டிருப்பது நாம்தான். அந்த அறிவுக்கு எந்தப் பாலிடெக்னிக்கும் சான்றிதழ் தருவதில்லை.

அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப்பையும், உங்கள் பெயர், கைபேசி எண் இருக்கும் சீட்டையும் கிழித்துவிட்டு மடக்கிக் கட்டுங்கள். அட்டைக்கு எதிரி தண்ணீர். நனைந்த அட்டையில் எடை கூடும் என்பதால் கடைக்காரர் கண்ணளவில் கழித்துவிடுவார், அப்படிக் கழிப்பது எப்போதும் பொறுக்குபவருக்கு நஷ்டமாகத்தான் முடியும்.

இரும்பு, செம்பு, பித்தளை, எவர்சில்வர், அலுமினியம் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அவற்றின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும்: பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்ய, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போல்தான் ஆகும்.

கண்ணாடிப் பாட்டில் கனம் அதிகம், விலை குறைவு. அதனால்தான் காலி மனைகளில் அது கிடக்கிறது. விலை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி சாட்சி. அங்கே 2022-ல் மதுபாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. காட்டில் யானைக் காலில் குத்திய கண்ணாடி, கடைக்குத் திரும்பத் தொடங்கியது. ஒரு பொருளுக்கு எடுக்கும் கூலியை முன்கூட்டியே சேர்த்து வைத்தால் அதை எடுக்க ஆள் வருவார் என்பதை நான் அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

விலையே இல்லாதவை: சிப்ஸ், பிஸ்கட் உறைகள், ஷாம்பு சாஷே, தெர்மகோல், எண்ணெய் ஊறிய பேப்பர், ஒருமுறை பயன்படுத்தும் ஸ்பூன். உள்பக்கம் வெள்ளியாக மினுங்கும் உறை, பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரித்தெடுக்க முடியாது. இவற்றைச் சாக்கு சுமப்பவருக்குக் கொடுக்கும் பையில் திணிக்காதீர்கள். அவர் அதைச் சுமந்துபோய் எங்கேயோ கொட்ட வேண்டியிருக்கும், கொட்டியதற்கு அவரையே திட்டுவோம். தனியே ஒரு பையில் போட்டு மாநகராட்சி வண்டியில் சேருங்கள். வாங்குவதைக் குறைப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. மஞ்சப்பையைத் திரும்பக் கையில் எடுத்தோம். சாஷே மட்டும் பெட்டிக்கடையில் இன்னும் சரம் சரமாகத் தொங்குகிறது.

கையைக் கிழிப்பவை

இதை மெதுவாகப் படியுங்கள். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இன்சுலின் ஊசி போடுபவர்கள் இருக்கும் வீடு இன்று தெருவுக்குத் தெரு உண்டு. ஊசிக்கு மூடி போடும்போது நம் கையிலேயே குத்திக்கொள்வோம் என்று பயந்து மூடாமல் போடுகிறோம், பயம் நியாயம்தான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, எண்ணெய் கேன் போல வாய் குறுகியதாக, எடுத்து வையுங்கள். ஊசியை நேராக அதில் போடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். மருந்து வாங்கும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தூய்மைப் பணியாளரிடம் வாயால் சொல்லிக் கையில் கொடுங்கள்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ட்யூப்லைட்: கெட்டியான அட்டையிலோ பல மடிப்பு செய்தித்தாளிலோ சுற்றிக் கட்டி, 'கண்ணாடி' என்று எழுதுங்கள். பழைய ட்யூப்லைட்டிலும் சி.எஃப்.எல். என்கிற சுருள் வடிவ பல்பிலும் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் தனியே கொடுக்க வேண்டும். பழைய பேட்டரி, காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா, கொசு மருந்து, கழிவறை ஆசிட் பாட்டில் எல்லாம் இந்த நான்காம் பெட்டிக்கே. ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர் நுரையீரலில் அந்தப் புகைதான் போகும். பழைய சார்ஜர், ஒயர், கைபேசியை மின்கழிவு எடுக்கும் அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் தர வேண்டும்.

நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிய புள்ளி ஒன்று வையுங்கள். புனேயிலும் பெங்களூரிலும் இந்தச் சிவப்புப் புள்ளி பரவலாகத் தெரிந்த பழக்கம். திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று அந்தப் புள்ளி சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பேச வெட்கப்பட்டு நாம் கறுப்புக் கவரில் முடிந்து போடுகிறோமே, அந்தக் கறுப்புக் கவர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வைக்கிறது. 2013-ல் புனேயின் குப்பை சேகரிக்கும் பெண்கள், பயன்படுத்திய நாப்கின்களைக் கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். தங்கள் கை தொடுவது என்ன என்பதைத் தயாரிப்பவர் தெரிந்துகொள்ளட்டும் என்பதே கோரிக்கை.

கையில் கொடுப்பது

சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. சரியான கைக்குப் போக வேண்டும்.

முதல் நாள் பேசுங்கள். அக்கா, அம்மா, அண்ணா, ஐயா, வயதுக்கு எது பொருந்துமோ அப்படி. 'குப்பைக்காரம்மா வந்திருக்கு' என்று வீட்டுக்குள் சொல்வதையும் நிறுத்துங்கள். குழந்தைகள் அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். எந்த நாள், எந்த நேரம் வசதி என்று அவரையே கேளுங்கள். வாரம் ஒருமுறை போதும். எதை எடுப்பார், எதை எடுக்கமாட்டார் என்றும் கேளுங்கள், ஏனென்றால் அது அவர் போடும் கடையைப் பொறுத்தது. பழைய அரிசிப் பையில் கட்டிக் கேட்டுக்கு வெளியே வையுங்கள், இல்லை கையிலேயே கொடுங்கள். வெயில் காலத்தில் ஒரு சொம்பு தண்ணீரும், நம் வீட்டில் குடிக்கும் அதே டம்ளரும்.

கையுறை வாங்கிக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மெல்லிய ரப்பர் கையுறை கண்ணாடிக்குத் தாங்காது, வியர்த்துக் கழற்றிவிடுவார்கள். கெட்டியான அடிப்பாகமுள்ள செருப்போ ஷூவோ அதைவிடப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். அளவு கேட்டு வாங்குங்கள். காயம் பட்டால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம் என்பதைச் சொல்லி, முதல் முறை கூடவே போய் வந்தால் நல்லது.

அடுக்குமாடியில்

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறது. எங்கள் குடியிருப்பில் செருப்பு ஒன்று காணாமல் போனதற்கு, விசாரிக்காமலே சாக்கு சுமக்கும் அந்த அம்மாவை வாட்ச்மேனை விட்டு விரட்டினார்கள். செருப்பு இரண்டாம் மாடியில் நாய் இழுத்துப்போன இடத்தில் கிடைத்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு உங்கள் கையில் சட்டமே இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் குப்பையைப் பிரித்து, மறுசுழற்சிக்கு உரியதை அங்கீகரிக்கப்பட்ட குப்பை சேகரிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தெருவிலும் தொட்டியிலும் கிடங்கிலும் பொறுக்கிப் பிழைப்பவர் யார் என்று வரையறுத்து, அவர்களை உள்ளாட்சி தன் அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின.

செய்ய வேண்டியது: கூரையுள்ள ஒரு மூலையை உலர்ந்த குப்பைக்கு ஒதுக்குங்கள். ஒருவரையோ இருவரையோ பேசி, சங்கத்தின் பெயரில் புகைப்படத்தோடு நுழைவு அட்டை கொடுங்கள். கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதியுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வசூலித்துக் கொடுங்கள். சரக்கு விற்ற காசு தனி, அதையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். சரக்கை விற்று வரும் பணத்தைச் சங்கக் கணக்கில் சேர்க்கும் குடியிருப்புகள் உண்டு. பராமரிப்புச் செலவில் சில நூறு ரூபாய் குறையும், ஒருவரின் மாத வருமானம் அப்படியே போகும்.

இதைக் கனவு என்று சொல்பவர்களுக்குப் புனேயைக் காட்டுங்கள். அங்கே 1993-ல் குப்பை சேகரிப்பவர்கள் சங்கம் அமைத்தார்கள். 2008-ல் அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த ஸ்வச் கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீடு வீடாகச் சென்று குப்பை வாங்குகிறார்கள். வீடுகள் நேரடியாகக் கட்டணம் தருகின்றன. பிரித்த சரக்கு அவர்களுக்கே. பெங்களூரில் மாநகராட்சியே குப்பை சேகரிப்பவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது.

காகித வேலைக்கு ஒரு அரை நாள்

படித்தவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது. ஆதாரும் வங்கிக் கணக்கும் இருந்தால், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயது வரை உள்ளவர்களைப் பதிவு செய்யலாம். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கழிவுநீர்த் தொழிலாளர்களுக்காக வந்த மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 முதல் குப்பை சேகரிப்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வார்டில் கணக்கெடுப்பு நடந்ததா, இவர் பெயர் ஏறியதா என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகப் போனால் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் கூட நின்றால் நாற்காலி கிடைக்கும். கசப்பாக இருந்தாலும் நடப்பது அதுதான்.

மழையும் விலைச் சரிவும்

ஐப்பசி, கார்த்திகையில் சரக்கெல்லாம் நனைந்துவிடும், கடைகளும் சரியாகத் திறக்காது. அந்த மாதங்களில் அட்டையையும் பேப்பரையும் வீட்டுக்குள்ளேயே காயவைத்து, மழை விட்ட நாளில் கொடுங்கள். கச்சா எண்ணெய் விலை விழும்போது புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும். பழைய பிளாஸ்டிக்கைக் கேட்க ஆளிருக்காது. அப்படி ஒரு காலத்தில் அவர் கவரை வேண்டாம் என்றால் கோபிக்காமல் சேர்த்து வையுங்கள்.

போகிக்கு முந்தைய நாள்

பழைய பாய், துணி, டயர், உடைந்த நாற்காலி எல்லாம் போகியன்று விடியும் முன் எரிகின்றன. அன்று காலை சென்னையில் எதிரில் வருபவர் முகம் தெரியாது. மார்கழி கடைசி வாரத்திலேயே வீட்டைச் சுத்தம் செய்துவிடுங்கள். பரணில் இருக்கும் பழைய நோட்டு, ஒடுங்கிய அண்டா, ஓடாத ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் தனித்தனியே கட்டி, போகிக்கு முந்தைய நாள் காலை வரச் சொல்லுங்கள். கனமான சரக்கு இருக்கும், மீன்பாடி வண்டிக்கு வாடகையை நீங்களே கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு எடுக்கும் புடவையில் ஒன்று அவருக்கும் என்று முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழையது வேண்டாம், கடையில் மடிப்புக் கலையாத புதுசு.